வீட்டுக் கதையை எழுதலாமா?

2023 ஜூலையில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தின் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வேலை. நாடே அந்தப் படங்களைப் பார்த்துக் கொதித்தது. அந்த மண்ணைத் திருத்தியவர் யார், எந்தப் பெண்ணின் நகை அங்கே கிணறாக மாறியது என்பதெல்லாம் படத்தில் விழாதவை. அதை எழுதத் துணிகிற பிள்ளையை, வீட்டு விஷயம் வீதிக்கு வரக்கூடாது என்று குடும்பமே தடுக்கும். எழுதலாமா? எழுதியே ஆகவேண்டும்.

வீட்டுத் துயரைச் சொல்வது நமக்குப் புதிதல்ல. வள்ளல் பாரியின் பெண்மக்கள் தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த துயரைத் தாங்களே பாடினார்கள். புறநானூற்றில் 112ஆம் பாட்டு அது. குலத்தின் தோல்வி எதற்கு என்று தொகுத்தவர்கள் அதை ஒதுக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கெட்டலைந்ததை இளங்கோ ஒளிக்கவில்லை. வள்ளுவர் வாய்மையை அளந்தது, சொல் பிறருக்குத் தீங்கு செய்கிறதா என்ற கோலால்தான். குடும்பப் பெருமை அவர் கணக்கில் வரவே இல்லை.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் மார்கரெட் வாக்கர், பாட்டி வாய்வழி கேட்ட கொள்ளுப்பாட்டியின் அடிமை வாழ்வை 1966இல் ‘ஜூபிலி’ நாவலாக்கினார். அதன் நாயகி, பண்ணை முதலாளிக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவள். மூடி மறைக்க எத்தனை எளிய விஷயம்! மறைத்திருந்தால் பண்ணைக்காரன் சொன்னதே வரலாறாகியிருக்கும். இங்கே 1992இல் பாமா தன் வாழ்க்கையை ‘கருக்கு’ நூலாக எழுதியபோது சொந்த ஊரே சினந்தது. பிறகு அதே ஊர் அவரை ஏற்றது.

உயிரோடிருப்பவர் மானம் பெரிதுதான். பெயரை மாற்றலாம், சம்பந்தப்பட்டவரிடம் முன்பே படித்துக் காட்டலாம். அதற்குமேல் இடம் கொடுத்தால், பெண்களின் மானத்தைச் சாக்காக வைத்து ஆண்கள் தங்கள் பழைய கணக்கை மூடிக்கொள்வார்கள்.

நெய்வேலிக்கே திரும்புவோம். 1956இல் அந்த நிலக்கரி நிறுவனம் தொடங்கிய காலம் முதல் நிலம் கொடுத்துப் பெயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கலாம். ஆவணத்தில் சர்வே எண் இருக்கும், ஏக்கர் இருக்கும். அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவன் வெறுங்கையோடு போனது இருக்காது. நிறுவனத்தின் மேல் வழக்குப் பேசுவது எளிது. அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் எழுத உட்காரும் பேத்தி, இழப்பீட்டுப் பணத்தில் தாத்தா தன் தங்கைக்குக் கொடுக்காத பங்கிலிருந்தே தொடங்கட்டும்.