நாலு பேர் பார்க்காத இடத்தில்

ரோம் நகரத்து டைபர் ஆறு. போலீஸ் துரத்த, ஒரு சில்லறைத் திருடன் கரையிறங்கித் தண்ணீருக்குள் ஒளிகிறான். அடியில் யாரோ கொட்டிவிட்டுப் போன கதிரியக்கக் கழிவுப் பீப்பாய்க்குள் அவன் உடம்பு இறங்குகிறது. இரவெல்லாம் காய்ச்சல், வாந்தி. அதன்பிறகு தோளில் குண்டு பாய்ந்து, உயரமான கட்டடத்திலிருந்து கீழே விழுந்தும் எழுந்து நடக்கிறான். அசுர பலம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் என்ன செய்கிறான்? நள்ளிரவில் போய் ஒரு ஏடிஎம் இயந்திரத்தைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்து வருகிறான். உடைத்துப் பார்த்தால், திருட்டைத் தடுக்க வைத்திருந்த மை பீறிட்டு நோட்டெல்லாம் கறை.

காப்ரியேலே மைனெட்டி இயக்கிய இத்தாலியப் படம் இது. 'அவனை ஜீக் ரோபோ என்று அழைத்தார்கள்' என்பது தலைப்பின் பொருள். 2015இல் ரோம் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, 2016 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. செலவு சுமார் 17 லட்சம் யூரோ. ஹாலிவுட்டின் பெரிய சூப்பர் ஹீரோ படங்கள் பத்துக் கோடி டாலரைத் தாண்டிச் செலவு செய்யும் காலத்தில், இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு சொந்த நிறுவனம் தொடங்கி எடுத்தார் மைனெட்டி. இத்தாலியின் உயரிய திரை விருதான டேவிட் டி டொனாடெல்லோ ஏழு பிரிவுகளில் கிடைத்தது. அதில் சிறந்த நடிகை விருது பெற்ற இலேனியா பாஸ்தொரெல்லிக்கு இதுதான் முதல் படம். அதற்கு முன் இத்தாலி மக்கள் அவரைப் பார்த்தது, நம்மூர் பிக் பாஸுக்கு மூலமான நிகழ்ச்சியின் இத்தாலியப் பதிப்பில்.

என்ஸோ என்ற அந்தத் திருடனை இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார். பிளேட்டோவின் 'குடியரசு', இரண்டாம் பாகம். லிடியா நாட்டு அரசனிடம் வேலை பார்க்கும் ஓர் ஆட்டிடையன். பெருமழை, நிலநடுக்கம், மேய்ச்சல் நிலத்தில் பூமி பிளக்கிறது. உள்ளே இறங்கினால் வெண்கலக் குதிரை ஒன்று. அதன் வயிற்றில், மனிதனைவிடப் பெரிய பிணம், விரலில் ஒரு தங்க மோதிரம். மற்ற இடையர்களோடு உட்கார்ந்திருக்கும்போது அவன் தற்செயலாக மோதிரத்தின் முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்புகிறான். அவன் அங்கே இல்லாதது போல அவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். மறைந்துவிட்டான்! அடுத்து அவன் போனது அரண்மனைக்கு. அரசியைத் தன் வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடித்துக்கொண்டான்.

இந்தக் கதையைச் சொல்பவன் பிளேட்டோவின் சகோதரன் கிளாக்கன். நல்லவனிடம் ஒன்று, கெட்டவனிடம் ஒன்று என்று இரண்டு மோதிரங்களைக் கொடுத்துப் பாருங்கள், இருவரும் ஒரே வழியில்தான் போவார்கள் என்கிறான் அவன். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே பிள்ளை வளர்க்கிறோம். அந்த நாலு பேர் இல்லாத இடத்தில் நீ யார் என்பதுதான் கிளாக்கனின் கேள்வி. சாக்ரடீஸ் பதில் சொல்லி முடிக்கப் பத்தாம் பாகம் வரை ஆகிறது: மோதிரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீதியாக வாழ்வதே ஆன்மாவுக்கு நல்லது.

ஆனால் அந்த இடையன் மோதிரம் கிடைப்பதற்கு முன்பு எப்படி வாழ்ந்தான்? அதை இரண்டு பேருமே கேட்கவில்லை. அரசனின் ஆடுகளை மேய்த்தவனை அரண்மனையில் யார் ஏறிட்டுப் பார்த்திருப்பார்கள்? ஊர் பார்க்கும் இடத்தில் இருப்பவனுக்குத்தான் மறைவது புது அனுபவம். ஏற்கெனவே யார் கண்ணிலும் படாதவனுக்கு மோதிரம் எதைக் கூட்டிக் கொடுக்கும்?

என்ஸோ அப்படிப்பட்டவன். ரோமின் கிழக்கு ஓரத்தில், 1980களில் அரசு எழுப்பிய அடுக்குமாடிகள் நிறைந்த தோர் பெல்லா மோனாகாவில் தனியாகக் கிடக்கிறான். போதைப்பொருள் வியாபாரத்துக்கு மட்டுமே செய்தியில் அடிபடும் பகுதி. ஃபிரிட்ஜைத் திறந்தால் குட்டி டப்பாக்களில் வனிலா இனிப்பு. டிவியில் ஆபாசப் படம். அவனுக்கு நட்பும் இல்லை, பகையும் இல்லை. பலம் வந்த பிறகும் அதே டப்பாக்கள்தான், எண்ணிக்கை மட்டும் கூடுகிறது.

அந்த வீட்டுக்குள் அலெஸ்ஸியா வந்து சேர்கிறாள். வீட்டிலேயே வன்கொடுமைக்கு ஆளாகி, மனம் சிதைந்த பெண். 1975இல் ஜப்பானில் உருவாகி 1979இல் இத்தாலியத் தொலைக்காட்சிக்கு வந்த 'ஸ்டீல் ஜீக்' கார்ட்டூனைத் திரும்பத் திரும்பப் பார்த்து அந்த உலகத்திலேயே வாழ்கிறாள். தன்னைக் காப்பாற்றிய என்ஸோவை அந்தக் கார்ட்டூன் நாயகன் ஹிரோஷி என்றே நம்புகிறாள். கெட்டவர்களிடமிருந்து மக்களைக் காப்பதற்காக வந்தவன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். அவனை அப்படி ஒருவர் பார்ப்பது அதுவே முதல்முறை.

உடனே திருந்திவிடுகிறானா? இல்லை. படத்தில் பார்க்கவே கஷ்டமான இடம் இங்கேதான் வருகிறது. இளவரசி உடை வேண்டும் என்று அவள் ஆசைப்பட, வாங்கித் தரக் கூட்டிப்போனவன், கடையின் ட்ரையல் ரூமுக்குள் தன் ஆசையை அவள்மேல் திணிக்கிறான். கதவு சாத்தியிருக்கிறது, நாலு பேர் யாரும் இல்லை. பிளேட்டோவின் மோதிரம் அந்த நிமிடம் அவன் விரலில் இருக்கிறது. ஏடிஎம்மைப் பெயர்த்ததைவிடப் பெரிய குற்றம் இது. நொறுங்கிப்போய் அவள் ட்ராமில் ஏறிப் போக, என்ஸோ ஓடிவந்து அந்த ட்ராமை வெறும் கையால் நிறுத்துகிறான். தன் பலத்தை ஊரறிய அவன் காட்டுவது, செய்த தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வழி தேடும்போது.

இந்த இடத்தில் பிளேட்டோவைவிட இம்மானுவேல் லெவினாஸ் நெருக்கமாக வருகிறார். லிதுவேனியாவில் 1906இல் பிறந்த யூதர், பிரெஞ்சுத் தத்துவவாதி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து 1940இல் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். காட்டில் மரம் வெட்டும் வேலை. லிதுவேனியாவில் இருந்த அவர் குடும்பத்தாரை நாஜிகள் கொன்றார்கள். வேலைக்குப் போகும் வழியில் ஊர்க்காரர்கள் கண்களுக்கு இந்தக் கைதிகள் மனிதர்களாகவே தெரியவில்லை என்று 1975இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் நினைவுகூர்கிறார். அங்கே ஒரு தெருநாய் வந்து சேர்ந்தது. பாபி என்று பெயர் வைத்தார்கள். காலையில் வரிசையில் நிற்கும்போதும் மாலையில் வேலை முடிந்து திரும்பும்போதும் துள்ளிக் குரைத்து வரவேற்றது. அந்த நாய்க்கு இவர்கள் மனிதர்கள் என்பதில் சந்தேகமே இல்லை. சில வாரங்களில் காவலர்கள் அதை விரட்டிவிட்டார்கள். எதிரில் இருப்பவரின் முகம் நம்மிடம் வைக்கும் கோரிக்கையில்தான் அறம் தொடங்குகிறது என்று பிற்பாடு வாழ்நாள் முழுக்க வாதாடியவர் அவர்.

படத்தின் வில்லன் ஃபாபியோவும் பார்வைக்கு ஏங்குகிறவன்தான். எப்போதோ ஒரு டிவி நிகழ்ச்சியில் தலைகாட்டிய புகழ் அவனை இன்னும் அரிக்கிறது. என்ஸோ முகத்தை மறைத்துத் திருடிய வீடியோவை இத்தனை பேர் பார்த்துவிட்டார்களே என்ற பொறாமையில் அந்தப் பலத்தைத் தேடும் அவனும் ஆற்றுக்குள் போய் அதைப் பெறுகிறான். குண்டு வைக்க அவன் தேர்ந்தெடுப்பது, கால்பந்துப் போட்டிக்காக மைதானம் நிரம்பி வழியும் நாளை. அவனுக்கு வேண்டியது எண்ணிக்கை. எத்தனை லட்சம் கண்கள் பார்த்தாலும் அவனிடம் எதையும் கேட்கப் போவதில்லை. அலெஸ்ஸியாவின் இரண்டு கண்கள் என்ஸோவிடம் கேட்டன.

இந்தப் படத்தை மனதாரப் பாராட்டும்போதும் ஒன்றை மறைக்க முடியாது. அலெஸ்ஸியா செத்துப்போகிறாள். என்ஸோ நாயகனாவதற்கு அவள் சாவு படிக்கட்டாகிறது. விளிம்பில் கிடந்த ஆணுக்குப் பலமும் கதையும் கிடைக்கின்றன. அவனைவிட விளிம்பில் கிடந்தவளுக்குக் கிடைத்தது அவனைப் பார்க்கும் வேலை. எல்லோரையும் காப்பாற்று என்று கேட்டவளைக் காப்பாற்றக் கதையில் இடமில்லை. லெவினாஸின் சிந்தனைமீதும் பெண்ணியவாதிகள் ஏறக்குறைய இந்தக் குறையைச் சொல்லியிருக்கிறார்கள்: அறத்தை எழுப்பும் 'மற்றவள்' எப்போது தன் கதையைப் பேசுவாள்?

அவள் இறந்தபின் சாலையில் எரியும் காருக்குள் சிக்கிய ஒரு குழந்தையை என்ஸோ வெளியே எடுக்கிறான். அப்போது அவளும் இல்லை, கூடவே இருந்து சொல்ல வேறு ஆளும் இல்லை. கடைசியில் கொலோசியத்தின் உச்சியில் நின்றபடி, அவள் அவனுக்காகக் கம்பளி நூலில் பின்னிக் கொடுத்த முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்கிறான்.