தேறலின் விலை

செஞ்சோற்றுக் கடன் என்றாலே நமக்குக் கர்ணன்தான். சோறு போட்டவனுக்காகச் சாவது சரியா தப்பா என்ற பட்டிமன்றம் இன்னும் ஓயவில்லை. 'அ கொடோதின்' என்ற பழைய வெல்ஷ் கவிதையைப் படித்தபோது, அந்தப் பட்டிமன்றத்துக்கு ஒருத்தரைக் கூப்பிடாமலே விட்டுவிட்டோமே என்று தோன்றியது.

கி.பி. 410 வாக்கில் பிரிட்டனில் ரோம ஆட்சி முடிந்தது. சம்பளம் கொடுத்த பேரரசு போனது, புது நாணயம் வருவதும் நின்றது. காசில்லாத ஊரில் படையை எதைக் கொடுத்து வைத்திருப்பது? சாப்பாடு கொடுத்துத்தான். சாக்சன் கூலிப்படை கலகம் செய்த கதையை 6ஆம் நூற்றாண்டில் கில்டாஸ் எழுதுகிறார். மாதாந்திர உணவுப்படி போதவில்லை என்பதுதான் அவர்களின் புகார்.

கொடோதின் வீரர்களும் அப்படித்தான். ஏறத்தாழ 600ஆம் ஆண்டு, இன்றைய எடின்பரோவில், தலைவனின் மண்டபத்தில் ஓராண்டு விருந்து. தேனைப் புளிக்கவைத்த மது (நம் 'தேறல்' என்றே சொல்லலாமே) ஆறாய் ஓடுகிறது. பிறகு கத்ராயெத் போர். போனவர்கள் 300 பேர், கிட்டத்தட்ட எல்லாரும் செத்தார்கள். குடித்த தேறலுக்கு உயிரால் விலை கொடுத்தார்கள் என்று கவிதை திரும்பத் திரும்பச் சொல்கிறது. படிக்கும்போது தொண்டை அடைக்கிறது, பொய் சொல்லவில்லை.

ஆனா அந்தத் தேன் யாருடையது?

கொடோதினுக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. சுமார் நூறு வருடம் கழித்து, எதிர்த்தரப்பு ஆங்கிலோ-சாக்சன் அரசன் ஈனேயின் சட்டத்தில் இருக்கிறது. பத்துக் குடும்ப நிலத்துக்கு வரி: 10 பாத்திரம் தேன், 300 ரொட்டி, 2 மாடு, 10 வாத்து, 20 கோழி, 100 விலாங்கு மீன். இன்னும் நீள்கிறது பட்டியல். அதே சட்டம் ஆயுதக் கூட்டத்தையும் எண்ணிப் பிரிக்கிறது: ஏழு பேர் வரை திருடர்கள், முப்பத்தைந்து வரை கும்பல், அதற்கு மேல் போனால் படை. தலை எண்ணிக்கைதான் வித்தியாசம்!

பாதுகாப்பு கொடுத்தாங்களே என்று கேட்கலாம். யாரிடமிருந்து? இன்னொரு மண்டபத்தில் குடித்துவிட்டு மாடு பிடிக்க வந்தவர்களிடமிருந்துதான். ஆக, வீரன் கடனைத் தீர்த்தது உண்மை. தீர்த்த இடம்தான் தப்பு. தலைவன் கையிலிருந்து கோப்பை வந்ததால் அவனே கொடுத்தான் என்று நம்பினான். கர்ணன் தின்ற சோற்றுக்கும் வயல் எங்கோ இருந்திருக்கும்.

கத்ராயெத்தில் விழுந்தவர்கள் பலருக்குப் பெயர் சொல்லி இரங்கல் பாட்டு இருக்கிறது. அடுத்த வருடமும் யாரோ புகை போட்டுத் தேன் எடுத்திருப்பார்கள், புது மண்டபத்துக்கு.