சரியென்று இடும் குறி

கணக்காய்வாளர் உலகிற்குக் கூறும் செய்தி மிகச் சுருக்கமானது. இக்கம்பனியின் கணக்குகள் அதன் நிலையினை உண்மையாகவும் நியாயமாகவும் காட்டுகின்றன என்பதே அது. பங்குதாரர் கம்பனியின் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தல் இயலாது. கடன் வழங்கிய வங்கி நாள்தோறும் அதன் பேரேட்டைப் புரட்டுதல் இயலாது. அவர்களாற் காணமுடியாததை அவர்கள்பொருட்டுக் கண்டு கூறுவார் ஒருவர் வேண்டும். அத்தகையோரைப் பயிற்றி ஒழுங்குபடுத்துதற்கென்றே 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் தாபிக்கப்பட்டது.

எமது பல்கலைக்கழகங்களில் வணிகமும் முகாமைத்துவமும் பயில்வோருட் சிலர், கொழும்பிலுள்ள பெரிய கணக்காய்வு நிறுவனங்களுக்குச் சில வாரப் பயிற்சிக்காகச் செல்வதுண்டு. அங்கு அவர்களுக்குக் கொடுக்கப்படும் வேலை சிறியது. உறுதிச்சீட்டிலுள்ள தொகை காசேட்டிலுள்ள தொகையுடன் ஒத்திருக்கின்றதா, உரியவரின் கையொப்பம் உளதா என நோக்கி, ஒத்திருப்பின் பக்கத்தே ஒரு சரி அடையாளம் இடுதல். ஆண்டிறுதியிற் களஞ்சியத்திற்குச் சென்று பெட்டிகளை எண்ணுதல். சென்ற ஆண்டுக் கோப்பைப் பார்த்து இவ்வாண்டின் அட்டவணையை நிரப்புதல். இவற்றுள் ஒழுக்கவியல் சார்ந்த பிரச்சினை யாது உளது என ஒருவர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம்மவர் மரபிற் சித்திரகுப்தனே தலைமைக் கணக்கன். சித்திரைப் பூரணையில் அவன் கதையைக் கோயில்களிற் படிக்கக் கேட்டோர், அவனுக்கு உறுதிச்சீட்டு வேண்டியதில்லை என்பதை அறிவர். உயிர்கள் செய்வன யாவும் அவனுக்குத் தாமே புலனாகும். மானிடக் கணக்காய்வாளர்க்கோ அவ்வாற்றல் இல்லை. ஆதலின் அவர்க்கு அளவைகள் வேண்டும். அறிவு பெறும் வாயில்கள் பலவென்பாரும் உளராயினும், அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. கணக்காய்வின் முறைகளும் இம்மூன்றனுள் அடங்குவதை எண்ணுந்தோறும் வியப்புத் தோன்றுகின்றது. பெட்டிகளை நேரில் எண்ணுதல் காண்டல். ஆயிரக்கணக்கான பதிவுகளுட் சிலவற்றை மாதிரியாக எடுத்து ஆராய்ந்து ஏனையவற்றின் தன்மையைத் துணிதல் கருதல். வைப்பிலுள்ள தொகை யாதென வங்கியிடமே எழுதிக் கேட்டு விடை பெறுதல் உரை.

இவ்வளவைகளுள் ஒன்று பொய்ப்பின் விளைவது யாது என்பதற்கு வரலாறு சான்று தருகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் மக்கெசன் அன்ட் ரொபின்ஸ் என்னும் மருந்து வணிகக் கம்பனியின் மோசடி 1938 டிசெம்பரில் வெளிவந்தது. அதன் கணக்கிற் காட்டப்பட்ட ஏறத்தாழ 8 கோடி 70 இலட்சம் டொலர் சொத்தில், ஏறக்குறைய 1 கோடி 90 இலட்சம் டொலர் பெறுமதியான சரக்கும் வரவேண்டிய கடன்களும் கற்பனையானவை. ஏடுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்திருந்தன, களஞ்சியமே இருக்கவில்லை. சரக்கை நேரிற் சென்று பார்த்தல் கணக்காய்வாளரின் கடமையென அதுவரை அந்நாட்டில் வகுக்கப்படவில்லை. அக்கடமை 1939இலேயே விதியாயிற்று. இங்குக் குறைந்தது காண்டல்.

மற்றொன்று, ஐதராபாத்திலிருந்து இயங்கிய சத்தியம் கணினிக் கம்பனியின் நிகழ்வு. 2009 ஜனவரி 7ஆந் திகதி அதன் தலைவர் தாமே எழுதிய கடிதத்தில், காசும் வங்கி மீதியுமெனக் காட்டப்பட்டதில் 5,040 கோடி இந்திய ரூபா இல்லாத தொகையென ஒப்புக்கொண்டார். வங்கிகளிடம் உறுதிப்படுத்தல் கேட்கும் கடிதங்களை அனுப்புவதையும் அவற்றின் விடைகளைப் பெறுவதையும் கணக்காய்வாளர் தம் கையில் வைத்திராது அக்கம்பனியிடமே விட்டிருந்தனர் என 2011இல் அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு கண்டது. உரை என்னும் அளவை, உரைப்பவர் நம்பத்தக்கவராயின் மாத்திரமே அளவையாகும். சோதிக்கப்படுபவரே சாட்சியின் வாயாகவும் அமையுமிடத்து அது அளவையாகாது.

இனி எமது பயிலுநரிடம் வருவோம். அவர் இட்ட குறியை முதுநிலை உதவியாளர் பார்க்கின்றார். அவரது தாளை முகாமையாளர் பார்க்கின்றார். ஈற்றில் நிறுவனத்தின் பங்காளர் அறிக்கையிற் கையொப்பமிடுகின்றார். பொறுப்பு மேலேறிச் செல்கின்றது, கீழுள்ளவர்க்குப் பெரிதாக எதுவும் இல்லை என்றே இவ்வேணியைக் காண்பவர் கருதுவர். ஆயின் அறிவின் நோக்கில் இதனை ஆராயுமிடத்து நிலைமை தலைகீழாகின்றது. முதுநிலை உதவியாளர் காண்பது பெட்டியை அன்று. பெட்டியை எண்ணியதாகக் கூறும் தாளையே அவர் காண்கின்றார். பங்காளர் காண்பது அத்தாளின் சுருக்கத்தை. கையொப்பமிடுபவர் கண்டவர் அல்லர். கண்டவர் கையொப்பமிடுபவர் அல்லர். ஏணியின் அடியில் நிற்பவருக்கு மாத்திரமே காண்டல் உண்டு. அவருக்கு மேலுள்ளோர்க்கெல்லாம் அவரது குறி உரையாகவே சென்று சேர்கின்றது. எனவே அச்சிறு குறி வெறும் வேலையடையாளம் அன்று. "நான் கண்டேன்" என்னும் சாட்சியமாகும். காணாமல் இடப்படும் குறி வேலைக்குறைவு என்பதோடு அமையாது, அது பொய்ச்சாட்சியம்.

இதற்கு மூன்று மறுப்புக்கள் எழலாம். ஊர் கூடித் தேர் இழுக்குமிடத்து ஒருவர் வடத்தைத் தொட்டுக்கொண்டு மாத்திரம் நடந்தாலும் தேர் நிற்பதில்லையே என்பது முதலாவது. இவ்வுவமை இங்குப் பொருந்தாது. தேரிழுப்பில் ஒருவரின் சோர்வை அடுத்தவரின் வலிமை ஈடுசெய்யும். கணக்காய்விலோ ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பொருள் ஒப்படைக்கப்படுகின்றது. களஞ்சியத்தின் பின்வரிசையை அதற்குரியவர் பாராது விட்டால், மேலே எத்தனை பேர் இருப்பினும் அதனை எவரும் பார்த்ததாகாது. வேலையைப் பங்கிடலாம்; பங்கிடுவதால் உண்மை பேசுங் கடமை எவருக்கும் குறைந்துவிடாது.

ஐயுறுதல் பண்பாகுமா என்பது இரண்டாவது. தலைநரைத்த களஞ்சியப் பொறுப்பாளர் தேநீர் தந்து, "தம்பி, அது நேற்றே எண்ணியாச்சு, எழுதிக்கொள்ளுங்கோ" என அன்புடன் கூறும்போது, மூத்தோரை மதிக்கப் பழகிய பிள்ளைக்கு மீண்டும் எண்ணுவது அவமதிப்பாகத் தோன்றும். எல்லோரையும் கள்வரெனக் கருதிக் கணக்காய்வைத் தொடங்க வேண்டியதில்லை என்பது 1896இல் இங்கிலாந்தில் கிங்ஸ்ரன் பருத்தியாலை வழக்கிலேயே கூறப்பட்டது. கணக்காய்வாளர் காவல்நாயை ஒத்தவரேயன்றி வேட்டைநாயை ஒத்தவரல்லர் என்பது அவ்வழக்கின் புகழ்பெற்ற கருத்து. ஆயினும் காவல்நாய் உறங்கலாகாது. எண்ணுதல் குற்றஞ்சாட்டுதல் அன்று. நேர்மையாளரான அப்பொறுப்பாளரை நாளை எழக்கூடிய பழியினின்றும் காப்பதும் இன்றைய எண்ணிக்கையே.

மூன்றாவது மறுப்பே வலிமையுடையது. பயிலுநர் எளியவர். நேரம் குறுகியது, அட்டவணை இன்று மாலை முடிதல் வேண்டும், நற்சான்றுக் கடிதம் மேலுள்ளவர் கையில் உளது, அக்கடிதத்தை நம்பி ஒரு குடும்பம் காத்திருக்கின்றது. இவற்றை அற்பமெனத் தள்ளுவோர் வாழ்க்கையை அறியாதார். எனினும் பயிலுநரிடம் அறம் வேண்டுவது மோசடியைக் கண்டுபிடிக்கும் திறனை அன்று. கண்டதைக் கண்டதென்றும், காணாததைக் காணவில்லையென்றும், விளங்காததை விளங்கவில்லையென்றும் எழுதுவதையே அது வேண்டுகின்றது. வெற்றிடமும் ஓர் உண்மையே. அவ்வெற்றிடத்தைக் கண்டு சினந்து, "எப்படியாவது நிரப்பு" எனப் பணிக்கும் மேலவர், தமக்கு வந்து சேரவேண்டிய ஒரே காட்சியைத் தாமே அழித்துவிடுகின்றார். எனவே கடமை இரு திசையிலும் உளது. கீழுள்ளவர் காணாததைக் கண்டதென எழுதலாகாது. மேலுள்ளவர் "காணவில்லை" என எழுதுவதை அச்சத்திற்குரியதாக ஆக்கலாகாது. இவற்றுள் இரண்டாவதை நிறைவேற்றும் அதிகாரம் மேலவரிடமே இருத்தலின் பெரும்பழியும் அவரையே சாரும்.

திருக்குறளில் வாய்மை என்னும் அதிகாரம் துறவறவியலில் இடம்பெறுகின்றது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகம் என்னும் கருத்தோ இல்லறவியலில், நடுவுநிலைமையின்கண் வருகின்றது. வணிகரின் உண்மை, துறவியின் உண்மையைப்போலத் தன்னுள்ளத் தூய்மையோடு அமைவதன்று. காணமுடியாத மற்றொருவரின் பொருளைக் காக்கும் உண்மை அது என இவ்வமைப்பிலிருந்து நாம் கொள்ளலாம். வங்கியிற் சேமிப்பை வைத்த ஓய்வூதியரும், கம்பனியில் வேலைசெய்யும் தொழிலாளியும் அக்குறியை ஒருபோதும் காணப்போவதில்லை. ஆயினும் அவர்களது வாழ்வு அதன்மேல் நிற்கின்றது.

இப்பழக்கம் கொழும்புக் காரியாலயத்தில் தொடங்குவதன்று. விரிவுரைக்கு வராத நண்பனுக்காக வரவுத்தாளிற் கையொப்பமிடுதலை எம்மிற் பலர் நட்பின் கடனென எண்ணுகின்றோம். செய்யாத பரிசோதனைக்கு முடிவு எழுதுதலும், படியாத நூலைப் படித்ததுபோல ஆய்வுக்கட்டுரையில் எடுத்தாளுதலும் எமது மண்டபங்களுக்குப் புதியன அல்ல. இவையும் காணாமல் இடப்படும் குறிகளே. "தெரியாது" என எழுதிய மாணவனை இகழும் ஆசிரியரும், வினாவை அறியாதபோதும் பக்கத்தை நிரப்பப் பழகிய மாணவரும் சேர்ந்தே நாளைய கணக்காய்வாளரை உருவாக்குகின்றனர். பயிற்சிக்கு அனுப்புமுன் எமது பீடங்கள் மாணவர்க்குக் கணக்கீட்டு நியமங்களைக் கற்பிக்கின்றன. காணாதவிடத்து வெற்றிடம் விடும் துணிவையும் அவை கற்பித்தல் வேண்டும். அதற்கு முதற்படி, எமது வரவுத்தாள்களில் இல்லாதவர் பெயருக்கெதிரே வெற்றிடம் இருக்க நாம் விடுவதாகும்.