எந்த நாளின் கார்?

பிளாஸ்டிக் பொம்மைக் காரை நிஜக் கார் ஒன்றைப்போல மாற்ற உட்கார்ந்தால், பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே ஒன்றை முடிவுசெய்தாக வேண்டும்: அந்தக் கார் எந்த நாளில் இருந்தபடி வேண்டும்? வாங்கி வந்த அன்று இருந்த வண்டி வேறு, விற்ற அன்று வாசலை விட்டுப் போன வண்டி வேறு.

எங்கள் வீட்டில் இருந்தது வெளிர்நீல அம்பாசடர், மார்க் 4. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடியொற்றி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை தயாரித்த வண்டி. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் என்பதால் முன்சீட்டில் அப்பாவோடு இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காருவோம்.

நான் வாங்கிய பொம்மை சுமார் 12 செ.மீ. நீளம். நிஜ அம்பாசடர் 4.3 மீட்டர், ஆக, முப்பத்தாறில் ஒரு பங்கு. அதன் முகம் பிந்தைய மாடலுடையது. கிரில்லை அறுத்தெடுத்துவிட்டு, பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சூட்டில் காட்டி நூலாக இழுத்து, ஒவ்வொரு கம்பியாக ஒட்டினேன். பிளாஸ்டிக் இளகும் அந்தக் கணத்தில் தீயிலிருந்து விலக்கி நிதானமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும், தயங்கினால் தடித்துவிடும். மாலை நேரங்கள் பல அதில் கரைந்தன. கரைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

பெயிண்ட் இன்னும் நுட்பமான விஷயம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால் நிஜக் காரின் அளவில் அது மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல். கதவின் இடுக்குக் கோடுகூட மூழ்கிவிடும். ஆகவே ஸ்பிரேயில் மெல்லிய பூச்சு, காய்ந்ததும் வாட்டர் பேப்பர், மறுபடி பூச்சு. நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நிஜக் காரின் அதே நீலத்தை அப்படியே அடித்தால் சின்ன வண்டியில் அது கறுத்துத் தெரியும். பெரிய பொருளை நாம் வெளிச்சத்தில், சற்றுத் தள்ளி நின்று பார்த்துப் பழகியவர்கள்; அந்தப் பழக்கத்துக்கு ஈடாகக் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். அளவு பிசகாத நிறம் பொய்யாகத் தெரிகிறது, கொஞ்சம் மாற்றிய நிறமே மெய்யாகத் தெரிகிறது. இந்த வேலையில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான்.

சிக்கல் இடது மட்கார்டில் வந்தது. அறுவடைக் காலத்தில் சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். நெல்லின் மேல் வண்டியை ஏற்ற மனமில்லாமல் அப்பா ஓரம் ஒதுங்கியதில் மைல்கல் இடித்துவிட்டது. அந்த ஒடுக்கோடுதான் வண்டி பல வருஷம் ஓடியது. அக்கா கல்யாணத்துக்கு முன்புதான் ஒடுக்கெடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தோம். என் நினைவில் உள்ள கார் ஒடுக்கு விழுந்த கார். அப்பா எப்படிப்பட்ட மனிதர் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வண்டியில் வேறு இல்லை. பொம்மையில் அது அரை மில்லிமீட்டர் பள்ளம். சுரண்டிக் கொண்டுவந்தும் விட்டேன்.

அப்பா கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்தார். “இதை எதுக்குடா வச்சிருக்க? ஓட்டுறவனுக்கு இது அசிங்கம்டா. கல்யாணத்துக்கு எடுத்தோமே, அந்த மாதிரி பண்ணு.”

“அதுலதானப்பா நீங்க இருக்கீங்க” என்றேன். அவர் தலையசைக்கவில்லை. நான் பெருமையாகச் சுமந்துவந்ததை அவர் அத்தனை வருஷமும் கூச்சமாகச் சுமந்திருக்கிறார். வாசலில் யார் வந்து நின்றாலும் அவர் ஏன் வண்டியின் இடப்பக்கமாகவே போய் நின்றுகொள்வார் என்பது அப்போதுதான் புரிந்தது.

நடந்ததை நடந்தபடி வைப்பதே நேர்மை என்று வாதாட எனக்கு ஆசைதான். ஆனால் என் கண்ணுக்கு உறுத்துகிறது என்று நீலத்தில் வெள்ளையைக் கலந்தவன் நான். என் கண்ணுக்கு விட்டுக்கொடுத்தவன் அவர் மனசுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது நியாயமாகப் படவில்லை. நெல்லுக்காக அவர் ஒதுங்கியது எனக்குத் தெரியும், என் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பள்ளம் தேவையில்லை. மட்கார்டில் பட்டி வைத்து நிரப்பிவிட்டேன். காய்ந்ததும் தேய்த்து, அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள் டிங்கரிங் பட்டறையிலிருந்து வந்தபடி அடிக்கப்போகிறேன்.