திரையரங்கைத் திறக்க யாரைக் கேட்டார்கள்?

2020 நவம்பர் 9, திங்கட்கிழமை. கொரோனாவால் மூடிக் கிடந்த தமிழ்நாட்டு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பெற்றோரை வரவழைத்தார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளை 16ஆம் தேதி திறக்கலாமா, வேண்டாமா என்று கருத்துக் கேட்டார்கள். மறுநாள் திரையரங்குகள் பாதி இருக்கைகளோடு திறந்தன. அதற்காக எந்தப் பெற்றோரையும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. 12ஆம் தேதி, பள்ளித் திறப்பு ரத்து என்று அறிவிப்பு வந்தது.

அந்த நான்கு நாட்களை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

கூலி வேலையை விட்டுவிட்டு வந்து அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்த ஒரு தாய் எதை வைத்துப் பதில் சொல்லியிருப்பார்? தன் வட்டாரத்தில் அந்த வாரம் எத்தனை பேருக்குத் தொற்று, வகுப்பறையில் காற்றோட்டம் எப்படி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டிலிருக்கும் பாட்டியை எங்கே தங்கவைப்பது? இவற்றையெல்லாம் முன்னால் வைத்துவிட்டு அவரிடம் கேட்டிருந்தால் அது கருத்துக் கேட்பு. எதையும் சொல்லாமல் ‘அனுப்புவீர்களா, மாட்டீர்களா’ என்று கேட்பது, நாளை ஏதாவது நடந்தால் பழியை ஏற்க இன்றே ஆள் தேடுவது. முடிவெடுக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள், முடிவெடுக்க வழியே இல்லாதவரின் தலையில் அதைக் கட்டினார்கள்.

பயந்தது தவறென்று நான் சொல்லவில்லை. அன்று தடுப்பூசி கிடையாது. சர்க்கரை நோயுள்ள ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் வீடுகள் இருந்தன. ஆனால் மார்ச்சில் பள்ளியைப் பூட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை திட்டம் என்ற பெயரில் நம் கண்ணில் பட்டவை தேதிகள்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 27 என்றார்கள், பிறகு ஜூன் 1, பிறகு ஜூன் 15. கடைசியில் ஜூன் 9 அன்று எல்லோரும் தேர்ச்சி என்றார்கள். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தனை நாள் காத்திருந்தார்கள்.

2021 ஜனவரி 19 அன்று பத்தும் பன்னிரண்டும் திறந்தன. அறைக்கு 25 பேர். வாசலில் வெப்பமானி, கைக்குச் சானிடைசர், வைட்டமின் மாத்திரை, துத்தநாக மாத்திரை. இந்தக் கிருமி காற்றிலும் பரவுகிறது என்று 239 விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுதி ஆறு மாதம் ஆகியிருந்தது. அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது ஜன்னலை. தாழ்ப்பாள் துருப்பிடித்துத் திறக்காத ஜன்னல்கள் எத்தனை, எந்த வகுப்பை மரத்தடிக்கு மாற்றலாம் என்ற கணக்குத்தான் முதல் வேலை. அறிகுறி இல்லாமல் கிருமியைச் சுமந்து வருகிற பிள்ளையை நெற்றிக்கு நேரே நீட்டும் கருவி காட்டிக்கொடுக்காது. கடை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதைக் கேள்வி கேட்கிற நாம், பள்ளி வாசலில் நடந்த இந்தச் சடங்கையும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திறந்த வரிசையைப் பாருங்கள். முதலில் பத்தும் பன்னிரண்டும். பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும். மார்ச் 22 அன்று ஒன்பது முதல் பதினொன்று வரை மறுபடி மூடினார்கள். தேர்தல் பிரச்சாரக் கூட்டங்கள் மட்டும் தடையின்றி நடந்தன. ஒன்று முதல் எட்டு வரை திறக்க 2021 நவம்பர் 1 ஆகிவிட்டது. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தை, மூன்றாம் வகுப்பில்தான் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தது. இடையில் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது, உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தை ‘ழ’வை எங்கே தொடங்கி எங்கே சுழிக்கிறது என்று தொலைக்காட்சி பார்க்க முடியுமா? பென்சில் பிடித்த விரலைத் திருத்த முடியுமா?

டென்மார்க் 2020 ஏப்ரலிலேயே சின்னக் குழந்தைகளுக்குத்தான் முதலில் பள்ளியைத் திறந்தது. இங்கும் 2021 ஜூலையில், தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அன்றைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா சொன்னார். நாம் தலைகீழாகப் போனோம். யாருக்குப் பொதுத்தேர்வு இருக்கிறதோ அவர்களுக்கு முதலில் கதவு திறந்தது. யாருக்கு ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் எதுவுமே நடக்காதோ, அவர்கள் கடைசி. மதிப்பெண் பட்டியலில் வராத இழப்பு இழப்பே இல்லை என்று நம் கல்வித் துறை நம்பியது. அதைவிடப் பெரிய மூடநம்பிக்கையை அந்த இரண்டு வருடங்களில் நான் பார்க்கவில்லை.

2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் வேப்பமரத்தடியிலும் பத்து இருபது பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். காற்றோட்டமான இடம், சிறு குழு, பக்கத்தில் ஓர் ஆள். அந்த மரங்கள் 2020 ஜூனிலும் அங்கேதான் நின்றன.