கலைஞரின் சாட்சியம்: எமிலி காரை முன்வைத்து ஒரு வினா

ஒரு நிலத்தின் கலை மரபைத் தம் தூரிகையாற் பதிவுசெய்ய முற்படும் ஓவியர் யாருக்குப் பொறுப்புடையவர்? கண்முன் நிற்கும் உருவத்துக்கா, தாம் தேடிக் கண்ட கலைநெறிக்கா, அன்றி அம்மரபைப் படைத்து அதனோடு வாழும் மக்களுக்கா? மூன்றுக்கும் என்று விடை கூறிவிடுதல் எளிது. மூன்றும் தம்முள் முரண்படும்போது எதனை விட்டுக்கொடுப்பது என்பதிலேதான் அறப்பிரச்சினை தோன்றுகின்றது. கலையை அழகு என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவோர் இவ்வினாவை எழுப்புவதில்லை. கலையை வெறும் சமூகச் சான்றாகக் கொள்வோரும், நம்மவரிற் பலர் இவ்வகையினரே, இதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். கனடாவின் மேற்குக் கரையில் வாழ்ந்த எமிலி கார் என்ற ஓவியரின் வாழ்வும் படைப்பும் இவ்வினாவை விலக்கமுடியாதபடி நம்முன் நிறுத்துகின்றன.

எமிலி கார் 1871ஆம் ஆண்டில், பிரித்தானிய கொலம்பியா மாகாணம் கனடாவோடு இணைந்த அதே ஆண்டில், விக்டோரியா நகரில் ஆங்கிலக் குடியேறிகளின் மகளாய்ப் பிறந்தார். சான்பிரான்சிஸ்கோவிலும் பின்னர் இங்கிலாந்திலும் ஓவியம் பயின்றார். 1907இல் தம் சகோதரியுடன் அலாஸ்காவுக்குச் சென்றபோது ஆதிக்குடிகளின் குலக்குறித் தூண்களைக் கண்டார். செந்நிறச் சீடர் மரத்தைக் குடைந்தும் செதுக்கியும் நாட்டப்பெறும் இத்தூண்கள் வணக்கத்துக்குரிய விக்கிரகங்கள் என்றே குடியேறிகள் நெடுங்காலம் கருதியிருந்தனர். உண்மையில் அவை ஒரு குடும்பத்தின் வழிமுறையையும் உரிமையையும் ஊரறியக் கூறும் சாசனங்கள். சில, இறந்தோர் நினைவாக எழுப்பப்பட்டவை. இத்தூண்களை அவை நிற்கும் ஊர்களுக்கே சென்று, இயன்றவரை முழுமையாக ஓவியங்களிற் பதிந்துவைப்பதெனக் கார் உறுதிபூண்டார்.

இடையில் 1910, 1911ஆம் ஆண்டுகளில் அவர் பிரான்சில் தங்கினார். அங்கு அக்காலத்துப் புதிய ஓவியர்கள் இயற்கையின் நிறத்தை அப்படியே படியெடுப்பதைக் கைவிட்டு, உணர்ச்சியின் வேகத்துக்கேற்ப வர்ணத்தைக் கையாளத் தொடங்கியிருந்தனர். அந்நெறியைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பிய கார், 1912ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்கீனா ஆற்றின் மேற்பகுதிக்கும், ஹைடா மக்களின் தீவுகளுக்கும், அலேர்ட் பே முதலிய இடங்களுக்கும் சென்று ஓயாது தீட்டினார். அடுத்த ஆண்டு வன்கூவரில் ஒரு மண்டபத்தைத் தாமே வாடகைக்குப் பெற்று, ஏறத்தாழ 200 ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்; தூண்களைப் பற்றி விரிவுரையும் நிகழ்த்தினார். தாம் தீட்டியவை அனைத்தும் தூண்கள் நிற்குமிடத்திலேயே நேரிற் கண்டு தீட்டப்பட்டவை என்பதை அவர் வற்புறுத்தியமை கவனிக்கற்பாலது. தம்மை ஓவியராக மட்டுமன்றி, ஒரு சாட்சியாகவும் அவர் முன்னிறுத்தினார்.

மாகாண அரசாங்கம் இவ்வோவியங்களை வாங்கி நூதனசாலையில் வைக்குமென அவர் நம்பினார். அரசின் சார்பில் அவற்றைப் பார்வையிட்டவர் சார்ள்ஸ் நியூகோம் என்ற அறிஞர். வர்ணம் மிகையானது, அளவுகள் பெருப்பிக்கப்பட்டவை, எனவே ஆதாரமாகக் கொள்ளத் தக்கவையல்ல என்பது அவரது மதிப்பீட்டின் சாரம். அரசாங்கம் ஓவியங்களை வாங்கவில்லை. கார் விக்டோரியாவுக்கு மீண்டு, வாடகை விடுதி நடத்தியும் நாய்கள் வளர்த்து விற்றும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளைக் கழித்தார்.

நியூகோமின் தீர்ப்பை இன்று நாம் நகைத்து ஒதுக்கிவிடலாம். ஆனால் அதன் அடியிலுள்ள எண்ணம் இன்றும் அழிந்துவிடவில்லை. சோதனை செய்யும் கலைஞர் நம்பத்தகாத சாட்சி, வர்ணத்தை மாற்றியவர் உண்மையையும் மாற்றிவிட்டவர் என்ற எண்ணம் அது. இதனைச் சற்று ஆராய்வோம். கார் 1912இல் கம்ஷேவா என்னும் கைவிடப்பட்ட ஹைடா ஊரில் ஒரு பெரிய மரக் காகத்தைக் கண்டு நீர்வர்ணத்திற் தீட்டினார். காகம் தன் தூணின்மேல், புல்லும் புதரும் சூழ அமர்ந்திருக்கின்றது. பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1931இல், அதனையே ஆதாரமாகக் கொண்டு 'பெருங்காகம்' என்ற எண்ணெய்வர்ண ஓவியத்தைப் படைத்தார். இதிற் புதர்கள் திரண்டெழும் பச்சை அலைகளாகிவிட்டன. வானம் கனத்த தூண்களாகக் கீழிறங்குகின்றது. காகம் பறவை என்ற நிலை கடந்து மலைபோல் நிற்கின்றது. முன்னையது கண்டதைச் சொல்கின்றது. பின்னையது கண்டதால் நேர்ந்ததைச் சொல்கின்றது. இரண்டையும் விட்டுச் சென்றிருக்கிறார் ஓவியர். எது எங்கே மாறியது என்பதை எவரும் ஒப்பிட்டு அறியலாம். தன் மாற்றத்தை மறைக்காத மாற்றம் எவ்வாறு பொய்யாகும்? சோதனைக்காகக் காரைக் குற்றவாளியாக்க நான் உடன்படேன்.

குற்றம் உண்டெனின் அது வேறிடத்தில் இருக்கின்றது.

கரையோர மக்களிடையே 'பொட்லாச்' என்னும் பெருவிழா வழங்கிவந்தது. தூண் நாட்டல், பெயர் சூட்டல், தலைமைப் பொறுப்பு ஏற்றல், இறந்தோரை நினைவுகூர்தல் ஆகிய யாவும் இவ்விழாவிலேயே நிறைவேறின. வந்திருந்த விருந்தினருக்கு வழங்கப்பட்ட கொடைகள் வெறும் தாராளத்தின் அடையாளமல்ல, அவர்கள் சாட்சிகள். இன்ன குடும்பத்துக்கு இன்ன சின்னமும் பாடலும் உரியன என்று கண்டறிந்து, பின்னாளிற் கேட்கப்படும்போது எடுத்துரைக்கும் கடமையை அவர்கள் அக்கொடையோடு ஏற்றனர். எழுத்தில்லாத சமுதாயம் என்று நாம் எளிதிற் கூறிவிடும் ஒரு சமுதாயம், தன் கலை வரலாற்றைக் காப்பதற்கு இத்துணைச் செம்மையான ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. கனேடிய அரசாங்கம் 1885 முதல் அதனைச் சட்டத்தாற் தடைசெய்தது. தடை 1951 வரை நீடித்தது. 1921இல் அலேர்ட் பே அருகேயுள்ள தீவொன்றில் விழா எடுத்தோர் கைதாயினர். அவர்களது முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிக்கப்பட்டு நூதனசாலைகளுக்கும் தனியாருக்கும் சென்றன. கார் தம் விரிவுரையை ஆற்றிய 1913ஆம் ஆண்டிலும் இச்சட்டம் நடைமுறையிலிருந்தது. உயிருள்ள சாட்சிகளின் வாயை அடைத்துவிட்ட அதே ஆட்சியமைப்பு, ஓர் ஓவியரின் வர்ணம் சான்றுக்குப் போதுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. தீர்ப்புக் கூறிய நியூகோம் தாமே தூண்களைத் திரட்டி நூதனசாலைகளுக்கு அனுப்பியவர் என்பதையும் இங்கு மறத்தலாகாது.

கார் இச்சட்டத்தை இயற்றியவரல்லர். ஆயினும், அச்சட்டத்தின் அடிப்படையாய் இருந்த ஒரு நம்பிக்கையை அவரும் பகிர்ந்துகொண்டார். இம்மக்களின் கலை அழிந்துகொண்டிருக்கின்றது, அழியுமுன் நாம் காப்பாற்றவேண்டும் என்பதே அந்நம்பிக்கை. அதற்குக் காரணமில்லாமலில்லை. 1862இல் விக்டோரியாவில் இறங்கிய பெரியம்மை கரையோரம் முழுவதும் பரவி ஊர் ஊராக மக்களை அழித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைடா மக்கள் 1,000க்கும் குறைந்துவிட்டனர். கார் கண்ட ஊர்கள் பல மெய்யாகவே வெறுமையாயிருந்தன. ஆனால் ஊர் வெறுமையானமை வேறு, மக்கள் இல்லாதொழிந்தமை வேறு. எஞ்சியோர் ஸ்கிட்கேட்டிலும் மாசெட்டிலும் ஒன்றுகூடி வாழ்ந்தனர். ஹைடாச் சிற்பிகளுள் தலைசிறந்தவரான சார்ள்ஸ் ஈடன்ஷோ 1920 வரை மாசெட்டில் மரத்திலும் வெள்ளியிலும் கருநிறக் கல்லிலும் செதுக்கிக்கொண்டிருந்தார். காரைப் படகிலேற்றி அவ்வெறும் ஊர்களுக்கு அழைத்துச் சென்றவர்களே வில்லியம் ரஸ், கிளாரா ரஸ் என்ற ஸ்கிட்கேட் தம்பதியர்தாம். காரின் 'கிளீ விக்' நூலில் அவர்கள் ஜிம்மி, லூயிசா என்ற வேறு பெயர்களில் வருகின்றனர். ஓவியங்களிலோ, குறிப்பாகப் பிற்காலத்து ஓவியங்களில், மனிதரே அரியர். தூண் உண்டு, காடு உண்டு, வானம் உண்டு. நிறத்தில் நிகழ்ந்த மிகையைக் கண்டுபிடித்த அறிஞர், மனிதர் நீக்கப்பட்டதைப் பிழையாகக் கண்டாரல்லர். அவருக்கும் அது இயல்பாகவே தோன்றியிருக்கும்.

சோஃபி ஃபிராங்க் என்ற ஸ்குவாமிஷ் பெண்மணி காரின் நெடுநாளையத் தோழி. கூடை முடைந்து வீடு வீடாகச் சென்று விற்றவர். பெற்ற பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராய் மண்ணுக்குக் கொடுத்தவர். கார் அவரை ஆழ்ந்து நேசித்தார். 'கிளீ விக்' நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். ஆனால் காரின் பெருந்திட்டம் தூண்களுக்குரியதாகவே இருந்தது. கூடை முடைதலும் அந்நிலத்தின் கலை வரலாறு அல்லவா? சீடர் வேரைப் பிளந்து, நிறமூட்டி, கோலம் பிறழாது பின்னுவதற்கு வேண்டிய கணக்கும் கைத்திறனும் தூண் செதுக்குவதற்குக் குறைந்தனவல்ல. பெரியதும் உயர்ந்ததும் ஆண்கள் செய்ததும் கலையென்றும், பெண்கள் முடைந்து அன்றாடம் கைமாறுவது கைவேலையென்றும் பிரிக்கும் பழக்கத்தை, ஆண்களின் ஓவிய உலகில் இடம்பெறத் தாமே பெரிதும் போராடிய ஒரு பெண்ணாலும் எளிதில் விட்டுவிட முடியவில்லை.

இவ்வளவு கூறியபின் மறுபக்கத்தையும் கூறுதல் நீதி. ஆதிக்குடிகளைக் காட்டுமிராண்டிகளென இகழ்ந்த ஒரு சமூகத்தின் நடுவே நின்று, அவர்கள் கலையைப் பெருங்கலை என்று பொதுமேடையில் எடுத்துரைத்தவர் கார். மிஷனரிகளின் செயல்களை அவர் கண்டித்து எழுதினார். 1941இல் வெளிவந்து கனடாவின் உயர்ந்த இலக்கியப் பரிசைப் பெற்ற 'கிளீ விக்' நூலுக்கு, அவர் மறைந்து ஆறு ஆண்டுகளின்பின், 1951இல், ஒரு பள்ளிப் பதிப்பு வந்தது. மிஷனரிகளைக் குறைகூறும் பகுதிகள் அதிலிருந்து நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட பகுதிகள் 2003இலேதான் மீண்டும் அச்சேறின. அரை நூற்றாண்டாக மாணவர்கள் படித்த எமிலி கார், கோபம் களையப்பட்ட எமிலி கார். வகுப்பறையில் நிற்பவர்கள் இச்செய்தியைக் கேட்டு வியப்படையமாட்டார்கள். பாடநூற் பதிப்பு என்பது எதை நீக்கியது என்று அறியும்வரை எந்த நூலையும் நாம் படித்தவராகோம். பிறரைப் பதிவுசெய்தவரின் பதிவும் இவ்வாறு பிறர் கைப்பட்டது.

அவரது தன்வரலாற்றையும் முழுதாக நம்புதற்கில்லை. 1913இன் பின் தம்மை எல்லோரும் புறக்கணித்ததாகவும், பதினைந்து ஆண்டுகள் ஏறக்குறைய ஓவியமே தீட்டவில்லை என்றும் அவர் எழுதினார். ஆனால் அக்காலத்துப் பத்திரிகைகளில் அவரைப் பாராட்டிய குரல்களும் இருந்தன. அவ்வாண்டுகளில் அவர் தீட்டிய ஓவியங்களும் உள்ளன. இதைப் பொய் என்பதைவிட, புண்பட்ட நினைவு தன் போக்கில் வகுத்துக்கொண்ட வரலாறு என்பதே பொருந்தும். எனினும் அதே நூலில் இன்னொன்றையும் அவர் எழுதியுள்ளார். வறுமைக் காலத்தில் ஆதிக்குடிகளின் சின்னங்களை மட்பாண்டங்களில் வரைந்து உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்றமைக்காக வெட்கினார். அவை அப்பாண்டங்களுக்கு உரியனவல்ல என்று அறிந்தே செய்ததாக ஒப்புக்கொண்டார். அச்சின்னங்கள் குறித்த குடும்பங்களின் உடைமைகள் என்பதை நோக்குமிடத்து, இவ்வெட்கம் வெறும் கலையுணர்ச்சியன்று. தமக்குச் சொந்தமல்லாத ஒன்றை விற்கிறோம் என்ற உணர்வு அதிலுண்டு. ஓவியங்களைப் பற்றி இத்தகைய உணர்வு அவருக்குத் தோன்றவில்லை என்பதே சிந்தித்தற்குரியது. மட்பாண்டத்தில் விற்றது களவெனின், கித்தானில் விற்றது என்ன?

நான் கருதும் வேறுபாடு இது. மட்பாண்டம் சின்னத்தை அதன் இடத்திலிருந்தும் உரியவரிடமிருந்தும் பிரித்தது. ஓவியம் எந்த ஊர், எந்த வீட்டின் முன், எந்தத் தூண் என்று கூறும்வரை, உரியவர் வந்து தமதென்று கோருவதற்கு வழி திறந்திருக்கின்றது. ஊர்ப்பெயர் அழிந்ததும் அவ்வழி அடைபடும். 1929இல் கார் நூட்கா பகுதியின் யூகுவோட் ஊரிலிருந்த தேவாலயத்தைத் தீட்டி, அதற்கு 'இந்தியத் தேவாலயம்' எனப் பெயரிட்டார். 2018இல் ரொறன்ரோவிலுள்ள ஒன்ராறியோ ஓவியக்கூடம் அதனை 'யூகுவோட் கிராமத் தேவாலயம்' என மாற்றியது. கலைஞர் இட்ட பெயரை மாற்ற எவருக்கும் உரிமையில்லை என எதிர்ப்பும் எழுந்தது. ஊரின் பெயர் மீண்டமை நியாயமே என்பது என் கருத்து. ஆனால் பழைய பெயரும் அருகிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அதனை அழித்தால், 1951ஆம் ஆண்டுப் பள்ளிப் பதிப்பின் கத்தரிக்கோலையே வேறு நோக்கத்தோடு கையிலெடுத்தவராவோம்.

அழிந்துவிடும் எனப்பட்ட கலை அழியவில்லை. கார் 1945இல் மறைந்தார். தடை நீங்கியபின் முதன்முதலாகப் பகிரங்கமாக நடந்த பொட்லாச்சை 1953இல் சிற்பி மங்கோ மார்ட்டின் நடத்திய நகரம், கார் பிறந்து வாழ்ந்து மறைந்த அதே விக்டோரியா. 1969இல் மாசெட்டில் றொபேட் டேவிட்சன் என்ற இளைஞர் செதுக்கிய தூண் நாட்டப்பட்டது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளில் அவ்வூரில் எழுந்த முதற் தூண் அது. தூணை எவ்வாறு நிமிர்த்துவது, எந்தப் பாடலைப் பாடுவது என்பனவற்றை முதியோர் தம் நினைவிலிருந்தே மீட்டுக் கூறினர்.

காருக்குப் புகழ் தேடித்தந்தது 1927இல் ஒட்டாவாவின் தேசிய ஓவியக்கூடத்தில் நடந்த மேற்குக்கரைக் கலைக் கண்காட்சி. அதனை ஒழுங்குசெய்தவருள் ஒருவர் மரியஸ் பார்போ என்ற மானிடவியலாளர். இரண்டு ஆண்டுகளின் பின், 1929இல், நாஸ் ஆற்றங்கரையில் நிஸ்கா மக்கள் பருவகாலத் தொழிலுக்காக ஊரைவிட்டுச் சென்றிருந்த வேளையில், ஒரு வீரரின் நினைவாக நிறுத்தப்பட்டிருந்த தூணை அவர் எடுப்பித்து, எடின்பரோ நகரத்து நூதனசாலைக்கு விற்றார். ஊரில் எவருமில்லை என்பது அன்றைக்குப் போதிய நியாயமாயிருந்தது. நிஸ்கா மக்கள் அதனைத் தேடிச் சென்று, தமது உரிமையைக் கூறி, 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் விமானமேற்றித் தம் பள்ளத்தாக்குக்கே கொண்டுவந்து சேர்த்தனர்.