பூட்டிய கதவுக்கு வெளியே

1898 ஆகஸ்ட் 13 அன்று மணிலாவில் நடந்த சண்டை, முன்கூட்டியே பேசி வைத்த சண்டை. கோட்டைக்குள் ஸ்பானியப் படை. வெளியே அமெரிக்கப் படை. அதன் பக்கத்திலேயே, வாரக்கணக்கில் நகரை வளைத்து நின்ற பிலிப்பைன்ஸ் விடுதலைப் படை. ஸ்பெயினுக்கு மானம் போகாமல் தோற்க வேண்டும். எனவே பெல்ஜியத் தூதரக அதிகாரி ஒருவர் வழியாக ஏற்பாடு ஆனது: கொஞ்ச நேரம் சுட்டுக்கொள்வது, பிறகு வெள்ளைக் கொடி. ஸ்பானியர்கள் கேட்டது ஒன்றுதான், பிலிப்பைன்ஸ்காரர்களை நகருக்குள் விடக்கூடாது. ஏற்பாடு தெரியாத சிப்பாய்கள் சிலர் அந்த நாடகத்தில் நிஜமாகவே செத்துப்போனார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்புதான், ஜூன் 12 அன்று, விடுதலைப் படையின் தலைவர் அகினால்டோ தன் நாட்டின் சுதந்திரத்தை அறிவித்திருந்தார். தன் மண்ணின் தலைநகருக்குள் அவருடைய படை நுழையக்கூடாது என்று, பகைவர்கள் இருவரும் கூடித் தீர்மானித்தார்கள்.

ஸ்பெயினுக்கு எதிரான இந்தப் போருக்கு அமெரிக்கா கிளம்பியபோது இருந்த மனநிலையை நான் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். தன் ஆட்சியில் இருந்த கியூபாவின் கிராமத்து மக்களை ஸ்பெயின் முகாம்களில் அடைத்துப் பட்டினிபோட்டுச் சாகவிட்டது. அதைப் படித்த சாதாரண அமெரிக்கனுக்கு வந்த கோபம் உண்மையானது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹவானா துறைமுகத்தில் மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் பத்திரிகைகள் ஸ்பெயினைக் குற்றவாளி ஆக்கின. (கப்பலுக்குள் பற்றிய தீயே காரணமாக இருக்கலாம் என்று 1976-ல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிக்கோவரின் ஆய்வு சொன்னது.) கியூபாவை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானமே போட்டது. ஆனால் பிலிப்பைன்ஸைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையும் இல்லை.

டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவுக்குப் போயின. பிலிப்பைன்ஸுக்கு 2 கோடி டாலர் விலை. அகினால்டோவின் தூதர் அகோன்சியோ பாரிஸ் வரை போயும் அந்த அறைக்குள் அவரை யாரும் அழைக்கவில்லை. மணிலாவில் கோட்டைக் கதவு, பாரிஸில் அறைக் கதவு.

அடுத்தவன் கையிலிருக்கும் விலங்கைப் பார்த்துக் கொதிப்பது பெரிய மனதுதான். விலங்கு கழன்ற பின் அவனை எதிரில் உட்காரவைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு அதைவிடப் பெரிய மனது வேண்டும். வளர்ந்துவரும் வல்லரசு அந்த இடத்தில்தான் தோற்கிறது. போர்க்களத்தில் அது ஜெயித்த பிறகுதான் இந்தத் தோல்வி வருகிறது.

1899 பிப்ரவரியில், விடுவிக்க வந்தவர்களுக்கும் விடுதலை கேட்டவர்களுக்கும் இடையே போர் மூண்டது. 1901 செப்டம்பரில் சமார் தீவின் பாலங்கிகா என்ற ஊரில் தேவாலய மணி அடித்தது. ஊர்க்காரர்கள் அரிவாளோடு பாய, 48 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். பதிலுக்கு, ஆயுதம் ஏந்தக்கூடிய பத்து வயதுக்கு மேற்பட்ட எவரையும் கொல்லுங்கள் என்று ஜெனரல் ஸ்மித் உத்தரவிட்டார். பத்து வயது! தேவாலயத்தின் மூன்று மணிகளையும் அமெரிக்க வீரர்கள் வெற்றிச் சின்னமாக எடுத்துப்போனார்கள். ஊர் அவற்றைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தது. 2018 டிசம்பரில்தான், 117 ஆண்டுகள் கழித்து, அவை பாலங்கிகாவுக்கு வந்து சேர்ந்தன.

பிலிப்பைன்ஸ் 1946-ல் விடுதலை பெற்றுவிட்டது. குவாம் இன்னும் அமெரிக்காவிடம் இருக்கிறது. அங்கே பிறப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்கப் படையில் சேர்ந்து போருக்கும் போகிறார்கள். அந்தத் தீவில் வாழும்வரை, தங்களைப் போருக்கு அனுப்பும் அதிபரைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு ஓட்டு கிடையாது.